மருந்துக்குக் கேட்காத பேதி

நம் வீடுகளில் ஒரு கேள்வி உண்டு. காய்ச்சலுக்கோ பேதிக்கோ மாத்திரை கொடுத்த மறுநாள் காலையில் பாட்டி கேட்பாள்: "மருந்துக்குக் கேட்டுச்சா?" நோய்க்குக் காது இருப்பது போலவும், மருந்து அதட்டினால் அது அடங்கிவிடுவது போலவும் ஒரு பேச்சு. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்ற கிருமி, கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகளுக்குக் கேட்பதை நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறது.

இது உலகம் முழுவதும் நடப்பதுதான். ஆனால் தீவில் நடக்கும்போது அதன் கனம் வேறு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் தமிழ் பேசுவோர் கணிசம். போர்ட் பிளேர் சந்தையில் தமிழ் மட்டுமே பேசிக் காய்கறி வாங்கிவிடலாம். (2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், தீவுக்காரர்களின் நாவில் இருப்பது பழைய பெயர்தான் என்பதால் அதையே எழுதுகிறேன்.) இன்னும் தெற்கே, நிக்கோபாரின் கச்சால் தீவில், சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் குடும்பங்களை 1970களில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றியது அரசு. அதற்கும் தெற்கே, கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில், 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் குடியமர்ந்தன. போர்ட் பிளேரிலிருந்து அந்த இடம் 500 கிலோமீட்டருக்கும் அப்பால்.

அப்படி ஒரு தொலைதூரக் குடியிருப்பில் இரண்டு வயதுக் குழந்தைக்கு ரத்தமும் சளியுமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சிப்ரோஃப்ளாக்ஸசின் கேட்ட காலத்தில் மூன்று நாள் மருந்து போதும். அம்மாவே வீட்டில் கொடுத்துவிடுவாள். அது கேட்காதபோது அசித்ரோமைசின் இருக்கிறது. அதுவும் வாய்வழி மருந்துதான். அதற்கும் கேட்கவில்லை என்றால் மிஞ்சுவது செஃப்ட்ரியாக்சோன். அது ஊசி. தினம் ஒரு தடவை, சில நாட்களுக்குப் போட வேண்டும். போட ஒரு செவிலியர் வேண்டும். செவிலியர் இருக்கும் இடத்துக்குப் போகப் படகு வேண்டும். படகு போகக் கடல் அமைதியாக இருக்க வேண்டும். பேதி மிகுந்து வரும் மழைக்காலத்தில்தான் கடலும் கொந்தளிக்கும். சென்னையில் மருந்து ஒரு படி ஏறினால் செலவு கூடும், அவ்வளவுதான். தீவில் மருந்து ஒரு படி ஏறினால் இடையில் ஒரு கடல் வந்து நிற்கிறது.

கடல் கிருமியைத் தடுத்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இந்தத் தீவுகளின் வரலாறு அதற்கு நேர்மாறு. 1858இல் 200 கைதிகளோடு குடியேற்றம் தொடங்கியபோது கரையில் அவர்களைக் கொன்றவற்றில் காய்ச்சலும் பேதியும் முன்வரிசையில் நின்றன. 1877இல் கப்பலோடு வந்த தட்டம்மை கிரேட் அந்தமானியரைக் கொத்துக் கொத்தாக அழித்தது. இன்றைக்குச் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் பயணம். ஷிகெல்லா வயிற்றுக்குள் போய் நோயாக வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலம் ஒன்று முதல் மூன்று நாள். ஆக, துறைமுகத்தில் நல்ல உடம்போடு ஏறியவர் பயணத்தின் நடுவிலோ கரை சேரும்போதோ நோயாளி ஆகலாம். விமானம் வந்தபின் அந்த அவகாசமும் போயிற்று. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் பயணத்தில் யாருக்கும் எதுவும் தெரிய வராது. நோய் குணமான பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். அடுத்தவரைத் தொற்ற அதற்குப் பெரிய படையும் தேவையில்லை. பத்திலிருந்து நூறு கிருமிகள் வாய்க்குள் போனால் போதும். கழுவாத ஒரு விரல் நுனியே அதற்கு அதிகம்.

1984இல் மேற்கு வங்கத்தில் ஷிகெல்லா டிசென்டெரியே முதல் வகை கிளப்பிய ரத்தபேதி கிராமம் கிராமமாகப் பரவியது. இரண்டு ஆண்டுகளில், 1986இல், போர்ட் பிளேரில் கொள்ளைநோயாக ரத்தபேதி வெடித்தது. கொல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவக் குழுவினர் அங்கே நோயாளிகளைப் பார்த்து எழுதிய கட்டுரை, குடலுக்கு வெளியே இந்த நோய் செய்யும் சேதங்களைப் பற்றியது. வெறும் வயிற்றுக் கோளாறாக நிற்காமல் வலிப்பும் சிறுநீரகச் சேதமும் வரை போகக்கூடிய நோய் இது.

மருந்துகளின் வரிசையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு ஊர்வலம் போலிருக்கும். முதலில் சல்ஃபா வந்தது. பிறகு டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல். இவை ஒவ்வொன்றும் வரும்போது வியப்பு மருந்து. பத்து, இருபது ஆண்டில் வெறும் மாத்திரை. வங்கத்தின் 1984 கொள்ளைநோயில் மருத்துவர்கள் நாலிடிக்சிக் அமிலத்தை நம்பினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திரிபுராவில் அதுவும் தோற்றது. அதே குடும்பத்தில் வலுவான வாரிசுகளான நார்ஃப்ளாக்ஸசினும் சிப்ரோஃப்ளாக்ஸசினும் அந்த இடத்துக்கு வந்தன. 2002–03 வாக்கில் கிழக்கிந்தியாவில் சிப்ரோவுக்கும் அடங்காத ஷிகெல்லா தலைகாட்டியது.

தீவுகளில் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தை நாம் அறிந்திருப்பதற்குக் காரணம் ஒரு ஆய்வகம். போர்ட் பிளேரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983இல் தொடங்கிய வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தைச் சொல்கிறேன். 1980களின் கடைசியிலிருந்து தீவுகளில் ஒரு மர்மக் காய்ச்சல் ஆட்களை ரத்தம் கக்க வைத்துக் கொன்றுகொண்டிருந்தது. அதற்கு 'அந்தமான் ரத்தப்போக்குக் காய்ச்சல்' என்று பேர் வைத்திருந்தார்கள். எலிச் சிறுநீர் வழியே வரும் லெப்டோஸ்பைரோசிஸ்தான் அது என்று 1990களில் நிறுவியது இந்த மையம். தொலைவில் கிடக்கும் ஓர் ஆய்வகம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அந்த ஒன்றே போதும்.

அதே மையத்தினர் பேதியோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் மலத்திலிருந்து ஷிகெல்லாவைப் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். சோதனை எளிமையானது, பார்க்கவும் அழகானது. கண்ணாடித் தட்டில் ஜெல்லி போன்ற ஊட்டப்பொருள். அதன்மேல் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை வைக்கிறார்கள். ஒரு இரவு கழித்துத் திறந்தால், மருந்துக்குக் கிருமி கேட்கிறது என்றால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம், கோலத்தின் நடுவில் விட்ட வெளி போல. கேட்கவில்லை என்றால் வில்லையின் விளிம்பு வரை கிருமி புல்லாய் மண்டியிருக்கும். 2000–02இல் சேகரித்த கிருமிகளையும் 2006க்குப் பிறகு சேகரித்தவற்றையும் ஒப்பிட்டபோது தட்டில் வட்டங்கள் குறைந்திருந்தன. முன்பு விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த தோற்ற மருந்துகளின் பட்டியல் பல மடங்கு நீண்டுவிட்டது. சிப்ரோவின் குடும்பம் அதில் இருந்தது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும், அதாவது நான் மேலே சொன்ன ஊசியின் குடும்பமும், அதில் நுழையத் தொடங்கியிருந்தது. 2010இலும் 2012இலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

என்னை உறுத்துவது அந்தக் கால இடைவெளி. ஒரு குழந்தை பிறந்து ஆரம்பப் பள்ளி முடிப்பதற்குள் ஒரு மருந்துப் பெட்டியில் பாதி காலியாகிவிடுகிறது.

கிருமி இதை எப்படிச் சாதிக்கிறது? இரண்டு வழிகள். முதல் வழி மெதுவானது. சிப்ரோ குடும்ப மருந்து கிருமிக்குள் டி.என்.ஏ.வைச் சுருட்டி அவிழ்க்கும் ஒரு நொதியைப் பிடித்து முடக்குகிறது. அந்த நொதியில் ஓர் எழுத்துப் பிழை விழுந்தால் பிடி நழுவும். ஒரு பிழை, நாலிடிக்சிக் அமிலத்திலிருந்து தப்பப் போதும். சிப்ரோவிலிருந்து முழுதாகத் தப்ப இன்னும் ஓரிரு பிழைகள் வேண்டும். நாலிடிக்சிக் அமிலத்தை நாம் வாரி இறைத்த ஆண்டுகளில் முதல் பிழை உள்ள கிருமிகள்தாம் பிழைத்துப் பெருகின. சிப்ரோ வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது.

இரண்டாவது வழி கடன் வாங்குவது. இதைக் கண்டுபிடித்ததே ஷிகெல்லாவின் புண்ணியத்தில்தான். போருக்குப் பிந்தைய ஜப்பானில் பேதிக்குச் சல்ஃபாவைக் கொட்டினார்கள். 1955இல் ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் திரும்பிய ஒரு பெண்ணின் பேதியில் சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் என நான்குக்கும் அடங்காத ஷிகெல்லா கிடைத்தது. நான்கு பிழைகள் தற்செயலாக ஒன்றுசேர்வது நம்பக்கூடியதாக இல்லை. 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள் விடையைக் கண்டன: குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை கிருமியும் ஷிகெல்லாவும் எதிர்ப்புத் திறனைப் பொட்டலமாக ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. பிளாஸ்மிட் என்ற வளையத்தில் நான்கு மருந்துக்கான எதிர்ப்பும் ஒரே மூட்டையாக இருக்கும். சளிக்கு வாங்கித் தின்ற மாத்திரை நம் குடலின் ஈ.கோலையை அந்த மூட்டையைச் சுமக்கப் பழக்குகிறது. நாளை வரும் ஷிகெல்லா அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

எதிர்ப்புத் திறன் நாம் படைத்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில், 1915இல், பிரான்சில் பேதியால் இறந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் ஷிகெல்லாவை லண்டன் கிருமிச் சேகரத்தில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2014இல் அதை எழுப்பிப் பார்த்தால் பெனிசிலினுக்கு அடங்கவில்லை. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல். விதை எப்போதும் மண்ணில் இருந்தது. நாம் தண்ணீர் ஊற்றினோம். ஷிகெல்லா விஷயத்தில் வேறு யார்மேலும் பழி போடவும் வழியில்லை. இயற்கையில் இது மனிதக் குடலிலும் குரங்கினத்திலும்தான் நோய் செய்து வாழ்கிறது. அந்தமானின் ஷிகெல்லா எந்த மருந்தைச் சந்தித்ததோ, அதை ஒரு மனிதர் விழுங்கியிருக்கிறார்.

விழுங்கும் இடம் பெரும்பாலும் மருந்துக்கடை. போர்ட் பிளேராக இருந்தாலும் பொள்ளாச்சியாக இருந்தாலும் காட்சி ஒன்றுதான்.

"அண்ணே, வயித்தால போகுது. ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க."

"பெரியவங்களுக்கா, சின்னவங்களுக்கா?"

"எனக்குத்தான்."

பட்டையிலிருந்து நான்கு மாத்திரை கத்தரித்துக் கைக்கு வரும். பெரும்பாலும் அது சிப்ரோவின் குடும்ப மருந்து ஒன்றும், அமீபாவுக்கான மருந்து ஒன்றும் சேர்ந்த கலவை. கிருமியா அமீபாவா என்று தெரியாதபோது இரண்டையும் சேர்த்து அடிப்பது அதன் தத்துவம். கேட்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தினக்கூலிக்குப் போகிறவர் ஒருநாள் வேலையை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதைவிட இருபது ரூபாய் மாத்திரையைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் அவருக்கு வந்தது அநேகமாகத் தானே அடங்கிப் போகும் பேதி. மாத்திரை தின்றபின் அடங்கியதால் மாத்திரையால் அடங்கியது என்று நம்பிக்கை வேரூன்றுகிறது. அடுத்த தடவை அவரே பேரைச் சொல்லிக் கேட்பார்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' தேசிய அளவில் ஒரு கட்டுப்பாட்டைக் கோரியது. 2014 மார்ச்சிலிருந்து மருந்து விற்பனை விதிகளில் எச்–1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பேரையும் நோயாளி பேரையும் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2016இல் மாத்திரைப் பட்டையில், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று குறிக்கும் சிவப்புக் கோட்டைக் கவனிக்கச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துத் தயங்கிய ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடையை மட்டும் பூட்டினால் தீருமா என்றால் அதுவும் இல்லை. 2010இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக எழுதிய ஆய்வு என்.டி.எம்–1 என்ற நொதியின் பரவலை உலகுக்குக் காட்டியது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே அறுத்துப் போடும் நொதி அது. பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி (என்.டி. என்பது நியூ டெல்லி) பெரும் சர்ச்சை நடந்தது. அந்தச் சத்தத்தில் அடுத்த ஆண்டு வந்த செய்தி அமுங்கியது. டெல்லியின் தெருவோரத் தேங்கிய நீரையும் குழாய் நீரையும் சோதித்தவர்கள், 50 குழாய் நீர் மாதிரிகளில் இரண்டில் அந்த மரபணுவைக் கண்டார்கள். அதைச் சுமந்த கிருமிகளில் காலரா கிருமியும் ஷிகெல்லா பாய்டியும் இருந்தன. மருத்துவமனையில் முதலில் தென்பட்ட எதிர்ப்பு, குடிதண்ணீர் வழியே பேதிக் கிருமியின் கைக்குப் போய்விட்டது.

தீவுகளில் தண்ணீர் ஒரு விசித்திரமான துயரம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. இருந்தும் போர்ட் பிளேரின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை கோடையில் இறங்கினால் குழாயில் முறைவைத்துத்தான் வரும். முறைவைத்து வரும் குழாய்க்குள், தண்ணீர் இல்லாத நேரத்தில், பக்கத்துச் சாக்கடை கசிந்து நுழையும். சிறிய தீவுகளில் கிணறும் ஓடையும்தான். 2002இன் பிற்பகுதியில் நன்கௌரித் தீவுக்கூட்டத்து நிக்கோபாரிகளிடையே காலரா பரவியதற்குத் தண்ணீரே வழி. கழிவறைக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தைப் பற்றி மருந்தியல் நூல் எதுவும் பேசாது. எதிர்ப்புத் திறனுக்கு எதிராக நான் ஒரே ஒரு ரூபாய் செலவழிக்கலாம் என்றால் அந்த ரூபாயைக் கிணற்றுக்குத்தான் கொடுப்பேன். நோயே வராத குழந்தைக்கு எந்த மாத்திரையும் தோற்பதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைத் துடைத்தெடுத்தது. கிணறுகளில் உப்பு நிறைந்தது. கார் நிக்கோபாரின் நிவாரண முகாம் ஒன்றில் பேதி பரவியது. எல்லாரும் காலராவையும் ஷிகெல்லாவையும் நினைத்து அஞ்சிய வேளை அது. போர்ட் பிளேர் மைய ஆய்வாளர்கள் சோதித்தபோது கிடைத்தது ரோட்டா வைரஸ். வைரஸுக்கு ஆண்டிபயாடிக் எதுவும் கேட்காது. கேட்க அதற்குக் காதே இல்லை. அந்த முகாமில் யாராவது மாத்திரைகளை அள்ளி வழங்கியிருந்தால் ஒரு குழந்தைக்கும் பயன் இருந்திருக்காது. அத்தனை குடல்களிலும் எதிர்ப்பு மூட்டைகள் மட்டும் சேர்ந்திருக்கும். சின்னக் குழந்தைகளின் நீர்ப்பேதியில் பெரும்பங்கு வைரஸால் வருவதுதான். ரோட்டாவுக்கு எதிரான தடுப்பு மருந்து 2016இலிருந்து படிப்படியாக நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அதன் பின்னணியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் போன்றோரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. தடுப்பு மருந்து போட்ட குழந்தைக்குப் பேதி குறையும். தவறான மாத்திரையும் குறையும்.

பேதியில் உயிர் போவது பெரும்பாலும் நீர் போவதால்தான். அதற்கான மருந்துக்கு இன்றுவரை எந்தக் கிருமியும் எதிர்ப்பு வளர்க்கவில்லை, வளர்க்கவும் முடியாது. 1971இல் வங்க அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டிவந்து போங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, பக்கத்தில் இருக்கும் உறவினரையே ஊட்டச் சொன்னார். 30 விழுக்காடு அளவில் இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பேதியின்போதும் குளுக்கோஸோடு சேர்ந்து வரும் உப்பைக் குடல் பெரும்பாலும் உள்ளே விடும். உப்பின் பின்னால் நீர் போகும். அதுதான் சூட்சுமம். 2022இல் அவர் இறந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இன்றைய உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் அல்ல. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், பதினான்கு நாள். பேதி நின்ற பிறகும் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கஞ்சியையும் நிறுத்தக் கூடாது. வயிற்றைக் கட்டிப்போடும் மாத்திரையை ரத்தபேதியில் கொடுக்கவே கூடாது. வெளியேற வேண்டிய கிருமியை உள்ளே அடைத்து வைப்பது அது.

ஆண்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் புரிந்துகொண்டால் அதுவும் ஆபத்து. மலத்தில் ரத்தம் கண்டால், காய்ச்சலோடு குழந்தை துவண்டால், கண் குழிந்து அழுதாலும் கண்ணீர் வராவிட்டால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தபேதிக்கு ஆண்டிபயாடிக் தேவை, சரியானது தேவை. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் திருத்திய அபாயக் கிருமிப் பட்டியலில், சிப்ரோ குடும்பத்துக்கு அடங்காத ஷிகெல்லா உயர் முன்னுரிமைப் பிரிவில் இருக்கிறது. அமெரிக்காவில் 2015இல் ஒன்றுகூட இல்லாத, எல்லா வழக்கமான மருந்துக்கும் அடங்காத ஷிகெல்லா, 2022இல் மொத்த ஷிகெல்லா தொற்றில் 5 விழுக்காடு ஆகியிருந்தது. அவ்வளவு ஆய்வகங்கள் உள்ள நாட்டில் கணக்காவது தெரிகிறது.

எது சரியான மருந்து என்று சொல்வது அந்தக் கண்ணாடித் தட்டுதான். கேம்ப்பெல் பேயிலோ கச்சாலிலோ எடுக்கும் மாதிரியைத் தட்டுவரை கொண்டுசேர்ப்பதே பெரிய வேலை. ஷிகெல்லா உடம்புக்குள் எவ்வளவு முரடோ, உடம்புக்கு வெளியே அவ்வளவு நோஞ்சான்; மலத்தில் சில மணி நேரத்தில் செத்துவிடும். மருந்து தொடங்குவதற்கு முன்பே பஞ்சுக் குச்சியில் எடுத்து, கிருமி சாகாமல் காக்கும் ஊடகத்தில் செருகி, பனிக்கட்டியோடு பெட்டியில் வைத்து, அடுத்த கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ ஏற்ற வேண்டும். போர்ட் பிளேரில் வளர்த்து, வில்லை வைத்து, வட்டத்தை அளந்து சொல்ல மேலும் மூன்று நாள் ஆகும். விடை தீவுக்குத் திரும்பிவரும்போது அந்தக் குழந்தை எழுந்து கடற்கரையில் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது இருக்காது. மாதிரி எடுத்த செவிலியருக்கும் இது தெரியும். இருந்தும் அவர் குச்சியைச் செருகிப் பெட்டியை மூடுகிறார், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்று அந்தத் தட்டுதான் சொல்லும் என்பதால்.